சாலமனோட கார்டு

தாம்பரத்துல தனி ஆளுக்கு ரூம் கெடைக்கறது கஷ்டம்னு சொல்லுவாங்க சார். எனக்கு தேடற வேலையே இல்லாம போச்சு. முடிச்சூர் ரோட்டுல இந்த வீட்டு மாடி ரூம். ஃபேன் லேசா சத்தம் போடும், மத்தபடி கொறை இல்ல.

சாலமன் இருந்த ரூம்தான் அது. கப்பல் கம்பெனி பேப்பர்ல அவன் காணாமப் போனதா இருக்கு. கடைசியா பாத்தது சவுரிமுத்துன்னு இருக்கு. நான்தான். கார்டுப் பெட்டிக்கு மேல கேமரா இருந்ததும், நான் ரெண்டு கார்டு போடறது அதுல பதிவானதும் விசாரிக்க வந்த நீங்க சொல்லித்தான் தெரியுது. கப்பல்ல இதை யாருமே கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன், எனக்கு ஒரு எடத்துல உக்கார வராது. அம்மா சர்ச்சுலேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

எனக்கு பெத்தவங்க கெடையாது. திண்டுக்கல் பக்கம் ஹாஸ்டல்ல வளந்தேன். அப்புறம் இந்த டூரிஸ்ட் கப்பல். மேல ஆயிரம் பேர் ஆடுவாங்க, பாடுவாங்க. நாங்க தண்ணி மட்டத்துக்குக் கீழ, லாண்டரில. நாள் பூரா பெட்ஷீட். ஜன்னலே கெடையாது. தமிழ் பேச எனக்கு சாலமன், அவனுக்கு நான். காட்டாங்குளத்தூர்ல ஹோட்டல் படிப்பு படிச்சவன். நல்லா சிரிக்க வைப்பான்.

அவங்க அம்மா சரசம்மா தெனம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க. அயர்ன் மெஷின் பக்கத்துல வெச்சு ஸ்பீக்கர்ல போடுவான்.

"டேய் சாலு, இன்னாடா துன்ன? துன்னாம சுத்திக்கினு கீறியா? உங்கப்பன் திருமுடிவாக்கத்துல வேல முடிஞ்சு வந்து, மீன் கொழம்பப் பாத்துட்டு உன்னத்தான் கேட்டாரு. ஒரு வார்த்த பேசேன்டா."

பாதிலயே நிறுத்திடுவான். "பேஜார் மச்சான் இது. காலேஜ்ல கேன்டீன் போனாக்கூட ஃபோன் போடும்." சிரிச்சுக்கிட்டே அழிச்சிடுவான்.

எனக்கு அனுப்பிட்டு அழிடான்னு ஒரு தடவ கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்குடா எங்கம்மா?"

ஜோக்காத்தான் கேட்டான். நானும் சிரிச்சேன்.

ஏடன் பக்கம் கடல் கொள்ளைக்காரங்க பயம் உண்டு. அந்தத் தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே கம்பி ஓரமா முள்வேலி சுத்திடுவாங்க. ஃபயர் ஹோஸ வரிசையா கட்டி, வெளிப்பக்கமா திருப்பி வெப்பாங்க, படகு ஒட்டி வந்தா அடிச்சு வெரட்ட. காலைல பத்து மணிக்கு டிரில். டூரிஸ்ட் எல்லாம் ஜன்னல் இல்லாத வராந்தால தரையில உக்காரணும். செல்ஃபி எடுத்துக்குவாங்க. ஒரு வெள்ளக்காரப் பாட்டி, கொள்ளைக்காரங்க டீக்கு முன்னாடி வருவாங்களா பின்னாடி வருவாங்களான்னு எங்கிட்ட கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் கால் ஒரு எடத்துல நிக்கல.

எங்களுக்கு ஆளுக்கு ஒரு கார்டு. உள்ள வந்ததும் பெட்டில போடணும். கார்டு எண்ணிக்கை சரியா இருந்தா வெளிய யாரும் இல்லன்னு அர்த்தம். கதவ சாத்திட்டு தண்ணிய தொறந்துடுவாங்க. இதுல சாலமன் காலேஜ் பழக்கத்த விடல. கார்ட எங்கிட்ட குடுத்துட்டு, கப்பல் பின்னாடி கயிறு கட்டற டெக்குக்கு சிகரெட் புடிக்கப் போயிடுவான். "ப்ராக்ஸி போட்று மச்சான். கதவாண்ட நீதான நிக்கற, கூப்புடு, வந்துடறேன்." அந்தக் கதவு என் பொறுப்பு, சாத்திட்டா வெளிய இருந்து தொறக்க வராது. மூணு டிரிப்பா கூப்பிட்டிருக்கேன். அவனும் வந்துடுவான்.

அன்னிக்கும் ரெண்டு கார்டையும் போட்டேன். எண்ணிக்கை சரியா இருந்துச்சு. சாத்துன்னு ரேடியோல சொன்னாங்க. கதவுல வட்டமா ஒரு கண்ணாடி உண்டு. அதுல பாத்தேன். ஃபோன காதுல வெச்சுக்கிட்டு நின்னான். அம்மா மெசேஜ்தான், அவனுக்கு வேற யார் அனுப்பப் போறாங்க. பாதிலயே காதுலேர்ந்து எடுத்தான். கட்டைவிரலால ஒரு தள்ளு தள்ளினான். போச்சு.

நான் கூப்பிடல. கதவ சாத்தினேன்.

தண்ணிய தொறந்தாங்க. மொதல்ல மெதுவாத்தான் தட்டினான். "டேய், வெளயாடாத." அப்புறம் ரெண்டு கையாலயும் தட்டினான். ஒரு ஹோஸ் கட்டு அவுந்துபோய் டெக்கு மேல அடிக்கற சத்தம் கேட்டுச்சு. டிரில் மொத்தம் பதினோரு நிமிஷம். எட்டாவது நிமிஷம் தட்டறது நின்னுது.

தொறந்து பாத்தேன். டெக் சுத்தமா இருந்துச்சு.

சாயந்தர ஷிஃப்டுக்கு ஆளக் காணோம்னுதான் தேட ஆரம்பிச்சாங்க. கடைசியா எப்பப் பாத்தன்னு கேப்டன் கேட்டார். மத்தியானம் ஒரு மணிக்கு, சாப்பாட்டுலன்னு சொன்னேன். காலைல கார்டு விழுந்திருக்கே, நம்பிட்டார். அந்தத் தண்ணில கப்பல் வேகத்த கொறைக்காது சார். பத்துலேர்ந்து ஒண்ணுக்குள்ள அறுபது மைல் வந்திருந்தோம். ஒரு மணிக்கு அப்புறம் கடந்த கடல்லதான் தேடினாங்க. அவன் இருந்த பக்கம் யாரும் போகல. அன்னிக்கு அலை இல்ல. அவனுக்கு நல்லா நீச்சல் வேற தெரியும்.

கான்ட்ராக்ட் முடிஞ்சதும் அவன் பையக் குடுக்க இங்க வந்தேன். குடுத்துட்டு கெளம்பறதாத்தான் இருந்தேன். அம்மா அழுதாங்க. அழுது முடிச்சிட்டு, "நீ துன்னியாடா?"ன்னாங்க. அந்தக் குரல நேர்ல கேட்டது அன்னிக்குத்தான்.

எட்டு மாசம் ஆச்சு. அப்பா ஏசுபாதம், தான் வேல பாக்கற லேத் கம்பெனிலயே என்னையும் சேத்துவிட்டுட்டார். பத்து நிமிஷம் லேட்டானா அம்மா மெசேஜ் வந்துடும், எங்கடா கீறன்னு. ஒடனே பதில் போட்டுடுவேன். ஒண்ணக்கூட அழிச்சதில்ல, வேணும்னா ஃபோனப் பாருங்க. நீங்க அவங்க புள்ள போயிட்டான்னு எழுதிக்குவீங்க. நான் வேணாங்கல. ஆனா அவங்க கேக்கற கேள்விக்கு இப்பத்தான் பதில் கெடைக்குது, அதையும் எழுதிக்கங்க.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எங்களுக்குள்ள பேச்சு வந்துச்சு. சாலமன் வந்துடுவான்னு பகல் பூரா வாசக்கதவ தொறந்தே போட்டிருந்தாங்க. எனக்கு அது ஒத்துக்கல, ஒரு வேலையும் ஓடல. சாத்துங்கம்மா, யாராவது தட்டினா நான் போய் தொறக்கறேன்னு சொல்லிச் சொல்லி இப்பத்தான் சாத்தறாங்க.

நான் சொன்ன சொல்ல காப்பாத்தறேன். கொரியர்காரன் வந்தாலும் சரி, கேஸ்காரர் வந்தாலும் சரி, மொத தட்டுக்கே ஓடிடுவேன். நீங்க வந்தீங்களே, ரெண்டாவது தடவ தட்ட விட்டேனா? அந்த விஷயத்துல என்னை யாரும் ஒரு கொறை சொல்ல முடியாது சார்.