நுவோநுவோவின் கன்னம்

தேநீருக்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. வெந்நீர் சற்று ஆறிய பிறகு ஊற்றியிருக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பச்சைத் தேயிலை கசந்துவிடும். நாற்பது வருடம் மூலிகை காய்ச்சிய கை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மஞ்சள் கசப்பு வேர், தேன்மெழுகு, எள்ளெண்ணெய். அப்பா காலத்துக் களிம்பு அவ்வளவுதான். சிரங்கு ஆறப் பத்து நாள் ஆகும். இப்போது யாருக்கு அந்தப் பொறுமை? "டவுன்ல மூணே நாள்ல கேக்குதாம், பாங் மாமா. நீங்க வேரையே கிண்டிக்கிட்டிருங்க" என்று என் கடைக்கு வந்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். டப்பாவில் ‘சுத்த மூலிகை’ என்று எழுதினேன். முக்கால்வாசி உண்மைதான்.

எதிர்ப்பக்க நூடுல்ஸ் கடை சுய்லான் தன் கைக்குழந்தை நுவோநுவோவின் சிரங்குக்கு வாங்கினாள். மூன்றே நாளில் தோல் பளிங்காகிவிட்டது. அதன் பிறகும் அவள் விடவில்லை. உடம்பு முழுக்க, தினம் இரண்டு வேளை பூசினாள். குழந்தை பிறந்த நூறாம் நாள் விருந்தன்று சிவப்புச் சாயமிட்ட முட்டைகளோடு வந்தாள்.

"கன்னத்தைப் பாருங்க மாமா, ஆவியில வெந்த பன்னு மாதிரி. எங்க மாமியாரே வாயடைச்சுப் போய்ட்டாங்க. இன்னும் ரெண்டு டப்பா குடுங்க."

எங்கள் ஹூனான் பக்கம் கொழுத்த குழந்தை வீட்டுக்கு அதிர்ஷ்டம். தெருவே அந்தக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியது. அது பாலால் வந்த சதை இல்லை, மாத்திரையால் வந்த வீக்கம் என்று எனக்கு மட்டும் தெரியும். முட்டையை உரித்துத் தின்றேன். இரண்டு டப்பா கொடுத்தேன்.

ஐந்தாம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மேலே பளிங்கு, உள்ளே சீழ். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் செய்தார்.

"களிம்புல ஸ்டீராய்டு இருக்கா பெரியவரே? இருந்தா மறைக்காம சொல்லுங்க. அதைத் திடீர்னு நிறுத்தினா குழந்தை தாங்காது."

"வெறும் மூலிகைதாங்க" என்றேன்.

"பாங் மாமா பொய் சொல்ல மாட்டாரு டாக்டர்" என்று பக்கத்தில் சுய்லான் சொன்னது எனக்குக் கேட்டது.

களிம்பை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் நுவோநுவோ போய்விட்டாள். சுய்லான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க மாமா" என்று அழுதாள். நானும் அழுதேன். நடிக்கவில்லை ஐயா. ஊமை கசப்பு வேரைத் தின்றால் யாரிடம் சொல்வான் என்பார்கள். அந்தச் சிசு யாரிடம் சொல்லும்? இன்றும் அந்தக் கன்னம் கண்முன் வந்தால் சோறு இறங்குவதில்லை.

எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் பேரனுக்கும் அதே மாதம் சிரங்கு வந்தது. என் கையாலேயே பூசினேன். அப்பா காலத்துக் களிம்பு, தனியாகக் காய்ச்சியது. ஆறப் பத்து நாள் ஆனது. வீட்டில் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.