பாட்டு இருந்த கேசட்

வேலை கேட்டு மூன்றாம் நாளாக ஹெப்பாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். எனக்கு முன்சீட்டில் தொழிற்சாலைச் சட்டை போட்ட இருவர். ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்:

“அதைக் கேட்டதிலேர்ந்து கிட்டாரைத் தொடவே கை வரல குரு.”

“அப்படி என்னடா கேட்டே ஸ்டீபா?”

“துபாய்லேர்ந்து மாமா பையன் ஒரு ஹெவி மெட்டல் பாட்டு கேசட் கொண்டாந்தான். அவனுங்களுக்கு முதல் ஆல்பமாம். கூட்டமா வயலின், சர்ச் மாதிரி கோரஸ், நடுவுல டிரம்ஸ் குதிரையா ஓடுது. நாம ஆறு வருஷமா பண்ணணும் பண்ணணும்னு பேசினதுதான். பண்ணிட்டானுங்க. நம்மளைவிடச் சின்னப் பசங்க.”

“எனக்கொரு காப்பி போட்டுக் குடு.”

“இதையே வெச்சுக்கோ. நேத்து பதிவு பண்ணேன்.”

நண்பன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“டேய், இது நம்ம பாட்டு இருந்த கேசட். வேற காப்பியே கிடையாதே! பின்னாடி லாக்கை உடைச்சுடு, யாரும் மேல பதிவு பண்ண முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே?”

“உடைச்சுத்தான் வெச்சிருந்தேன். நேத்து அந்த ஓட்டையில பேப்பர் அடைச்சு, மேலேயே பதிவு பண்ணேன்.”

“வீட்ல வேற கேசட்டே இல்லியா?”

“ரெண்டு காலியா இருந்துச்சு.”