கட்டிடத்தில் இல்லாதவர்

காலை ஏழரை மணி ரயில். ஓல்டன் நிலையத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அலுவலகம் துப்புரவு செய்துவிட்டு வருகிறவர்கள். மூத்தவர் கையுறையைக் கழற்றவில்லை.

“அந்த மெஷினுக்கு நான் ஆளே இல்லையாம்,” என்றார் அவர்.

“எந்த மெஷின், அக்கா?”

“ஹீட்டிங் மெஷின்தான். ஒஃபிஸ் ஆக்கள் வாற ஏழு மணிக்குத்தான் சூடாக்குது. நாங்கள் நாலு மணியில இருந்து விறைச்சுக்கொண்டு கூட்டுறம். கட்டிடம் பாக்கிற ஹவுஸ்வார்ட்டிட்டைச் சொன்னன். அந்த நேரத்தில உள்ளுக்கை ஆள் இல்லை எண்டு கொம்பியூட்டரில போட்டிருக்காம்.”

“அப்ப நீங்கள் ஆராம்?”

“அதைத்தான் நானும் கேட்டன். சிரிக்கிறான். எனக்கு விசர் வந்திட்டுது. துணியைப் பச்சைத்தண்ணியில நனைச்சு, சுவரில இருக்கிற சென்சருக்கு மேல போட்டன். அறை உறையுது எண்டு மெஷின் நினைச்சு, அஞ்சு மணிக்கே எல்லா அறையையும் சூடாக்கிப்போட்டுது.”

“பிடிபடேல்லையோ?”

“மூண்டு நாள் செய்தன். சென்சர் பழுது எண்டு ஆளைக் கூப்பிட்டுப் புதுசு பூட்டினவங்கள். நான் ஹவுஸ்வார்ட்டிட்டைப் போய், நான்தான் துணி போட்டனான் எண்டு சொன்னன்.”

“ஏனக்கா சொன்னனீங்கள்?”

“ஏன் ஒளிக்கவேணும்? அவன் கொம்பியூட்டரைத் திறந்து பாத்திட்டுச் சொல்லுறான், அந்த நேரத்தில அங்கை ஒருத்தரும் இருக்கேல்லையாம்.”

அடுத்த நிலையத்தில் மூத்தவர் எழுந்தார்.

“நாளைக்குப் பெரிய துணியாக் கொண்டு போறன். இல்லாத ஆளை ஆர் பிடிக்கிறது?”