தாளோட பின்பக்கம்

இல்லம்மா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு நோட்டீஸ் வாங்காதே, இந்தப் பக்கம் வா. ஓட்டுப் போடுற தீயணைப்பு நிலைய வாசல்லேருந்து முப்பது அடி, சுண்ணாம்புல கோடு போட்டிருக்காங்க பாரு. என் கால் அதைத் தாண்டினா அந்தப் போலீஸ்காரனுக்கு இன்னைக்குத் திருவிழாதான்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த டீச்சர்தானே? அதான் பார்த்தேன். நான் எஸ்ரா டாலிவர். கெளுத்தி மீன் ஆலையில மீன் வெட்டினவன், சங்கம் கட்டினவன். நாப்பது வருஷமா இந்த ஊருக்கு நோட்டீஸ் எழுதுறவன். கடலை எடுத்துக்க, அவிச்சது, சூடு ஆறல.

ஆமா, ஓட்டுச் சீட்டுல ஆறு திருத்தம். ஆளுக்கு ஓட்டுப் போடுறதுன்னா மூஞ்சியைப் பார்த்துப் போட்டுடலாம். இது அரசியல் சட்டம். சிரிக்காதே, பக்கத்து மாவட்டத்துல கொசு மருந்து அடிக்கணும்னாலும் மாநிலத்தோட அரசியல் சட்டத்தையே திருத்துவானுங்க. முதல் திருத்தமே அதான். ரெண்டாவது எவனோ ஒரு ஷெரீஃபுக்குப் பென்ஷன். அஞ்சு வரைக்கும் வேண்டாம்னு போடு. காரணமா? சட்டசபைக்காரன் அனுப்பினது, அதான் காரணம். என் நோட்டீஸ்ல இதுவரைக்கும் ஒரே வரிதான்: எல்லாத்துக்கும் வேண்டாம். ஊரே கேட்கும்.

ஆறாவதுக்கு மட்டும் வேணும்னு போடு. அது பின்பக்கம் இருக்கு, தாளைத் திருப்பணும், மறந்துடாதே. ஜெயிலுக்குப் போய் வந்தவங்களுக்கு ஓட்டைத் திரும்பக் குடுக்கிற திருத்தம். அதுக்குத்தான் காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன்.

எவன் நம்புறான்? வரிசைக் கடைசியில ஊதாத் தொப்பி போட்டு நிக்கிறாளே, ஒடெஸ்ஸா, என் பக்கத்து வீடு. என்ன எஸ்ரா, உன்னையும் விலைக்கு வாங்கிட்டானுங்களா, நீயாவது வேணும்னு எழுதுறதாவதுன்னு நோட்டீஸை மடிச்சு விசிறிக்கிட்டுப் போறா. பழக்கி விட்டது நான்தானே, யாரைத் திட்டுறது?

இல்ல, இது ரெண்டாந்தடவை. எட்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே திருத்தம் வந்துச்சு. மாநிலம் பூரா எண்ணி முடிச்சா, முந்நூத்திப் பதினோரு ஓட்டுல தோல்வி. இந்தத் தீயணைப்பு நிலையத்துல மட்டும் வேண்டாம்னு விழுந்தது நானூத்தி ஆறு. எல்லாம் என் ஜனங்க. ஒருத்தர் விடாம தாளைத் திருப்பி, என் நோட்டீஸ் சொன்ன வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு, எங்கிட்ட வந்து பெருமையாச் சொன்னாங்க.

நான் படிக்கலையான்னா கேட்கிறே? நல்லாக் கேட்டே போ. மாதிரி ஓட்டுச் சீட்டை ஒடெஸ்ஸாதான் நகல் எடுத்துக் குடுத்தா, ஒரு பக்கம் மட்டும். அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கும்னே எனக்குத் தெரியாது.

ஓட்டுப் போடுறவனுக்கு அது எப்படித் தெரியாமப் போகும்னு பார்க்கிறே. டீச்சராச்சே, பார்ப்பே.

இருபது வயசுல, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆலையில வேலைநிறுத்தம். லாரி ஒண்ணு எரிஞ்சுச்சு, என்னைக் கை காட்டினாங்க. பதினெட்டு மாசம் ஜெயில். முதல் ஓட்டுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு, அதோட போச்சு, ஆயுசுக்கும். இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. தேர்தலுக்குத் தேர்தல் கோட்டுக்கிட்ட கடைசி ஆள் வரைக்கும் நிப்பேன். ஓட்டுப் போட்டியா எஸ்ரான்னு கேட்டா, விடியறப்பவே போட்டாச்சும்பேன்.

ஒடெஸ்ஸாகிட்டச் சொல்றதா? இத்தனை வருஷம் இப்படிப் போடு அப்படிப் போடுன்னு அதிகாரம் பண்ணிட்டு, எனக்கே ஓட்டு இல்லன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?

சரி போ, வரிசை நகருது. அவளுக்குப் பின்னாடிதான் நிப்பே. வாயாடி, பேச்சுக் குடுப்பா, இந்த எஸ்ராவுக்கு என்ன ஆச்சும்பா. உன் வாயில என்ன வருதுன்னு நான் இங்கேருந்து கேட்கவா போறேன்?

வரும்போது ஒண்ணு மட்டும் பார்த்துட்டு வா. பின்பக்கம் அந்த ஆறாவது மேலயா இருக்கு, கீழயா? மத்தியானம் வர்றவங்களுக்குச் சரியாச் சொல்லணும்.