ஏ பக்கம், முப்பத்தொரு நிமிடம்

மாமல்லபுரத்தில் மதியம் ஒரு மணிக்கு உளிச் சத்தம் நிற்கும். சிற்பக் கூடங்களில் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். கல் அறுக்கும் மெஷினும் நிற்கும். எங்கள் தெருவில் பாட்டைப் பதிவு செய்ய அந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நான் செங்கல்பட்டுக்காரன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் விட்டவன். ஈ.சி.ஆர். ஓட்டல் ஒன்றில் இரவு ரிசப்ஷன் வேலை. அங்கே என்னைக் கைதட்டித்தான் கூப்பிடுவார்கள். இணையத்தில் பழைய மெல்லிசை மேடைப் பதிவுகளைப் பகிரும் குழுவில் மட்டும் எனக்கு ஒரு பெயர் இருந்தது. டொராண்டோவிலிருந்தும் துபாயிலிருந்தும் நானூறு பேர், செங்கல்பட்டார் இன்று என்ன போட்டார் என்று வந்து பார்ப்பார்கள். குழுவில் இரண்டு விதி. முப்பது நாளுக்குள் யாரிடமும் இல்லாத ஒன்றைப் போடாதவன் வெளியே. போடுவதை வெட்டக் கூடாது. இருமலோ விசிலோ, பதிவானபடியே வர வேண்டும்.

2005 ஆகஸ்டில், நான் கடைசியாக ஒன்றைப் போட்டு இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழுவில் பெயர் போனால் நான் எங்குமே இல்லை.

சம்பத் என் அறைத்தோழன். பட்டறையில் கல் அறுப்பவன். தூசியில் மூச்சு கெட்டு, சட்டைப்பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருப்பான். அவன் அப்பா மைக்செட் போட்டவர். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவனே ஊருக்குப் போய் ஒரு கேசட்டை எடுத்துவந்தான். அச்சரப்பாக்கம் திருவிழாவில் ஞானம்மாள் பாடியது. எந்த ரெக்கார்டிலும் இல்லாத குரல்.

போட்டுப் பார்த்துப் பத்து விநாடியில் நிறுத்தினேன். டேப்ரிக்கார்டரின் ஹெட்டில் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. திரும்ப ஓட்டியபோது அந்தப் பத்து விநாடி இல்லை, வெறும் இரைச்சல். அந்த நாடா இன்னும் ஒரே ஒரு முறைதான் பாடும். வயர் சொருகும் இடமும் கெட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டர் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அன்று சம்பத் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து இருமல்.

"மச்சான், அந்த மைக்கு நான் மூச்சு வுடறதக்கூட புட்ச்சிக்குமா?"

"புடிக்கும். உள்ள போய் படு."

"இன்னாடா, என் ரூம்லயே என்ன தொரத்திகினு கீற? எங்கப்பன் கேசட்டுடா அது."

"அர மணி நேரம் மூச்சு வுடாம குந்திகினு இருடா."

சிரித்தான். சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது. "செரி அண்ணாத்த. பாட்டு கீழ என் பேரயும் போடு" என்று உள்ளே போனான்.

நடுவில் வந்துவிடக் கூடாது என்று உள் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவன் சட்டை என் பக்கத்து ஆணியில் தொங்கியது.

பதினோராவது நிமிடத்தில் கதவைத் தட்டினான். எனக்குக் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். பாட்டில் கவனமாக இருந்தேன் என்று அதற்குப் பொருள். ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒவ்வொரு தட்டலுக்கும் எகிறியது. தாழ்ப்பாள் துருப்பிடித்தது, திறந்தால் கிறீச்சிடும். டேப்பை நிறுத்தலாம், ஆனால் இந்த முறை நிறுத்திய இடத்தில் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துபோகலாம். இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன். பதற்றத்தில் செய்ததாக எழுத வேண்டாம். சட்டைப்பை துருத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

தட்டல்களுக்கு இடையே நேரம் கூடிக்கொண்டே போனது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. ஞானம்மாள் அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் பாடினாள். பிசிறே இல்லை.

பிறகு திறந்தேன். கதவு பாதிதான் திறந்தது, அதன்மேல் சாய்ந்திருந்தான். சட்டையை அவன் கையருகே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறல் என்று எழுதினார்கள். அது பொய்யில்லை.

மறுநாள் சவ அடக்கம் முடிந்து பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பதிவை ஏற்றினேன். வெட்டவில்லை. நூற்றெண்பது பேர் நன்றி சொன்னார்கள். யாரோ பெஞ்சில் தாளம் போடுகிறார், என்ன ரசிகன் என்று துபாய்க்காரர் ஒருவர் எழுதினார். குழுவில் கல்பாக்கத்து ரோகிணிக்குத்தான் காது. அவள் எழுதியது: "பாட்டு மைதானத்தில் எதிரொலிக்கிறது. தட்டல் எதிரொலிக்கவில்லை. தட்டியவர் நீங்கள் பதிவு செய்த வீட்டில் இருக்கிறார். பதினேழாவது நிமிடத்தில் 'டேய்' என்று கூப்பிடுகிறார். அவர் யார்?" நான் பதில் போடவில்லை. மூன்று வாரம் விசாரித்துப் பார்த்துவிட்டு அவள் தன் அப்பாவோடு உங்களிடம் வந்தாள்.

அந்தப் பதினோரு நிமிடத்தை வெட்டியிருந்தால் தப்பியிருப்பாய் என்கிறீர்கள். தெரியும். குழுவில் அது பெரிய தப்பு சார்.

சம்பத்தைக் கொன்றது நான்தான். ஆனால் அவனை ஏமாற்றவில்லை. பாட்டின் கீழே அவன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

கேசட் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. பி பக்கம் இன்னும் ஓட்டவில்லை. குழுவில் எனக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி. மதியம் ஒரு மணிக்கு இந்த ஸ்டேஷனிலும் அதிகம் சத்தம் இருக்காது. லாக்கப் பக்கத்துக் கதவை மட்டும் சாத்திவிட்டால் போதும்.