ஆறு மணி மருந்து

சாயங்காலம் ஐந்து மணி. மோகனூர் ரோட்டில் இரண்டு பக்கமும் கரும்புக்காடு... ஆள் நடமாட்டமே இல்லை. அந்த ரோட்டில் சௌந்திரம் மொபெட்டில் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

இது என் தோழி அறிவுச்செல்வியின் அக்கா வெண்ணிலாவுக்கு நடந்தது. வெண்ணிலா நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வார்டில் சென்னியப்பன் என்று, போர்வெல் போடும் ரிக் லாரி டிரைவர் ஒருவர். பக்கவாதம். பேச்சில்லை, விழுங்கவும் முடியாது. சோறும் மருந்தும் மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான். அவர் மனைவிதான் சௌந்திரம். தலைப்பக்கம் உயர்த்துவது, மாத்திரையை மாவாக நுணுக்கிக் கரைப்பது, முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விடுவது... எல்லாம் வெண்ணிலா கூடவே நின்று சொல்லிக்கொடுத்திருந்தாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன சௌந்திரம், ஆறு மணி மருந்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

வெண்ணிலா பிரஷர் மாத்திரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனபோது சௌந்திரம் கட்டிலருகே நின்றாள். புடவையெல்லாம் மண். ஒடித்த கரும்பின் பச்சை வாசனை...

"குடுத்துட்டேனுங்க. மறுபடி ஊத்திராதீங்க சாமி."

குழாயின் முனை ஈரமாகத்தான் இருந்தது. அதற்குள் வார்டு போன் அடித்தது. சௌந்திரத்தின் தம்பி. வரும் வழியில் லாரி மோதி, அங்கேயே அக்காவின் உயிர் போய்விட்டதாம். மாமாவிடம் சொல்ல வேண்டாமாம்.

வெண்ணிலா திரும்பினாள். கட்டிலருகே யாருமில்லை.

டாக்டரிடம் எதைச் சொல்வது? மருந்து போனதா இல்லையா என்று சந்தேகம், அவ்வளவுதான் சொன்னாள். கொடுக்காதே, பிரஷரைப் பார்த்துக்கொண்டே இரு என்றார். கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. ஒரு மாத்திரைக்கு எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு. இன்னொன்றும் போயிருந்தால்...

"சௌந்திரம் அக்கா ஊட்டுல இருக்காங்க, நாளைக்கு வந்துருவாங்க" என்றாள் சென்னியப்பனிடம். அவர் அவளையே பார்த்தார். ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை. வெண்ணிலாதான் துடைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சௌந்திரத்தை எரித்தார்கள்.

அன்று சாயங்காலம் வெண்ணிலா காலி சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, அவர் நெஞ்சின்மேல் படுக்க வைத்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்பினாள். திரும்பவும் பார்த்தபோது... சிரிஞ்ச் அந்தரத்தில் நேராக நின்றது. ஊற்றட்டும் என்று யாரோ பிடித்திருப்பதுபோல.

சென்னியப்பன் சிரிஞ்சைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே... ஒரு ஆள் நின்றால் முகம் இருக்குமே, அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.