கொழும்பில் பாங்கு பிந்தும்

"ஹலோ… ஹலோ, அம்ஹாட வாப்பா… ஓம், ஓம், வஅலைக்கும் ஸலாம். பகல் எங்க சாப்பிட்டீங்க?"

கல்முனையில் அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சுபைறா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி அகப்பையால் கிண்டினாள். கால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் கொழும்புக்குப் போன அவள் புருசன் ஷரிபுதீன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து இரண்டு கிழமையாகத் தனியாகக் கிடந்தார். சீனி வருத்தம், இரண்டு வேளை இன்சுலின் ஊசி. இந்த மாதம் நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். ஷரிபுதீன் மனிதர் சொன்னால் கேட்கிற ஆளா?

"சைவக் கடையிலயா?… சோறும் பருப்பும்… ஓம்… பொய் சொல்லாதீங்க. நோன்பு மாசத்தில பொய்! வீரமுனைச் செல்லத்தங்கத்துட தம்பி கோகிலன் அந்தக் கடையிலதான் வேல செய்றான். இப்பதான் எடுத்துக் கேட்டன். நோன்பு தொடங்கின மூணு நாளும் ஒங்கட நிழல் கூட அந்தப் பக்கம் வரல்லயாம்…

"என்னது?… நம்மட ஆக்கள்ற கடையெல்லாம் பகல்ல பூட்டிருவாங்க எண்டுதானே நான் அங்க இங்க விசாரிச்சி அந்தக் கடையத் தேடித் தந்த? இறைச்சி இல்ல, ஹலாலா எண்டு பாக்கத் தேவல்ல… அது வேணாமெண்டா சந்தியில திரை போட்ட கடை ஒண்டு இரிக்கி. திரைக்குள்ள ஆரு பாக்கப் போற?… ஓம், ஓம், நீங்க பள்ளி நிருவாகத்தில இரிக்கிற மரைக்கார்தான்! மரைக்காருக்கு வருத்தம் வராதா? நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திரிக்கான். நீங்க ஊராக்களுக்குப் பயப்புடுறீங்க…

"சரி, விடுங்க. ஊசி?… போட்டீங்களா? நேத்துக் கூட்டித் தந்த அளவயா?… யா அல்லாஹ்! ஊசி போட்டா நோன்பு முறியாதுதான், மௌலவி சொன்னதுதான். அதப் போட்டுப்போட்டு சாப்பிடாம இரிந்தா மனிசன் மிஞ்சுவானா?"

அகப்பை கஞ்சிக்குள் விழுந்தது. அவருடைய பேச்சு குழறுவதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"நாக்கு ஏன் இப்பிடித் தடக்குது?… வேர்க்குதா?… கையில என்ன இரிக்கி?… பேரீச்சம்பழமா? நல்லம், அதத் தின்னுங்க. இப்பவே… இன்னா, கேளுங்க! நம்மட பள்ளியில பாங்கு சொல்றாங்க, நோன்பு திறக்கிற நேரம்!"

ஓடிப்போய்க் கைபேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கு அதற்குள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

"கேட்டிச்சா? பிஸ்மி சொல்லி வாயில வைங்க… என்ன? கொழும்புக்கு இன்னும் எட்டு நிமிசமா?… எட்டு நிமிசத்துக்குக் கணக்குப் பாக்கிற நேரமா இது!… அந்தக் குத்தம் என்ட தலையில. மறுமையில நான் பதில் சொல்றன், தின்னுங்க… கதவு பூட்டியா இரிக்கி? துறங்க, பக்கத்து அறை ஆளக் கூப்பிடுங்க… எழும்ப ஏலாதா?… சரி, எழும்ப வேணாம். பழம், பழத்த மட்டும்… ஹலோ?… ஹலோ!"

ஏதோ விழுந்த சத்தம். அதன் பிறகு மின்விசிறியின் இரைச்சல் மட்டும்தான்.

"அம்ஹா! ஒன்ட போனால கோகிலனுக்கு எடு! வாப்பாட அறைக்கு ஓடச் சொல்லு, கதவ உடைக்கச் சொல்லு!… ஹலோ, நான் இரிக்கன். கோகிலன் வாறான். கேக்குதா?… ஒரு சத்தம் குடுங்களன்…"

கஞ்சி அடிப்பிடித்து மணத்தது. நோன்பு திறக்க ஊற்றி வைத்த தண்ணீரை அவளும் தொடவில்லை. அவரை நினைக்கக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

கைபேசிக்குள், எங்கோ தூரத்தில், ஒரு பாங்கு தொடங்கியது.

"இஞ்சருங்க… பாங்கு சொல்றாங்க. இது ஒங்கட பாங்கு, கொழும்புப் பாங்கு… நேரம் வந்திட்டு. இனித் தின்னலாம்… ஓம்… ஓம், தின்னுங்க…"

அவர் குரலும் இல்லை, கதவு உடைகிற சத்தமும் இல்லை; பாங்கு மட்டும் கடைசி வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் இணைப்பு அறுந்தது.